ஐந்து பிரஸ்ஸும் ஒரு திறப்பும்

கட்டட வரைபட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நான் ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறீர்கள். "அங்கிள், நீங்கள் செய்ததில பெஸ்ட் புரொஜெக்ட் எது?" என்று தவறாமல் ஒருவர் கேட்கிறார். என் கெட்டித்தனத்தைப் பற்றிக் கேட்டால் எனக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு வராது. என் பிழைகளைப் பற்றிக் கேளுங்கள், சாப்பாடு ஆறும்வரை சொல்வேன். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பிழையை இங்கே எழுதித் தருகிறேன். பிடித்த பிழை என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. யாழ்ப்பாணத்தில் படவரைஞராக இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன் நான். முதல் ஒன்றரை வருடம் ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட். பிறகு, பழைய கட்டடங்களைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஆறு மாதம் தகுதிகாண் காலம். சரிவந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடியும் பெற்றோல் மணம். கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறையில் நானும் மனைவி கௌரியும் இருந்தோம். கௌரி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. ஆகவே அந்த வேலை நிரந்தரமாவதை எங்கள் வீட்டில் மூன்று பேர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அலுவலகத்தில் நிரந்தரமானவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்றுதான். வரைபடங்கள் வைக்கும் பெரிய இரும்பு அலுமாரியின் திறப்பு நிரந்தரமானவர்களிடம் மட்டும் இருக்கும். மற்றவர்கள் கேட்டு வாங்க வேண்டும். எனக்குப் பக்கத்து மேசையில் வசந்தா. கோயம்புத்தூர்க்காரர், பொறியியலாளர். ஒரு சுவர் இவ்வளவு பாரத்தைத் தாங்குமா, தாங்காதா என்று கணக்குப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. என் வயதுதான் இருக்கும். தமிழ் பேசும் ஒருவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்த சந்தோசத்தில் முதல் நாள் காலையிலேயே நான் வாயைத் திறந்தேன்.

"வசந்தா, உங்களிட்டைத் திறப்பு இருக்கோ?"

அவர் உடனே மேசையில் கிடந்த வரைபடத்தை விரித்து, ஒரு சுவரில் கதவுக்காக விட்டிருந்த இடைவெளியைப் பென்சிலால் தட்டிக் காட்டினார்.

"இருக்கே. இதோ ஒண்ணு, அதோ ஒண்ணு. மொத்தம் நாலு திறப்பு. ஏன், மாத்தணுமா?"

"அது இல்லை. நான் கேட்டது அலுமாரித் திறப்பு."

"அலுமாரியா? ஓ, பீரோவா! பீரோவுக்கு எதுக்குங்க திறப்பு? அதுக்குத்தான் கதவு இருக்கே!"

நான் கையை முறுக்கிப் பூட்டைத் திறப்பதுபோல நடித்துக் காட்டினேன். "அட, சாவியா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊரில் சாவிக்குத் திறப்பு என்று பெயர். அவருக்கோ சுவரில் இருக்கும் இடைவெளிதான் திறப்பு. அன்றிலிருந்து தினமும் காலையில் நான் திறப்புக் கேட்பேன், அவர் எங்கேயாவது ஒரு கதவைக் கையால் காட்டிவிட்டுப் பிறகுதான் சாவியைத் தருவார். அழகு என்பதற்கு நான் "வடிவு" என்றால் அவர் என்ன வடிவம், வட்டமா சதுரமா என்று கேட்பார். அவர் "ரொம்ப சிரமம்" என்றால் நான் "சரியான கரைச்சல்" என்று திருத்துவேன். ஒரே மொழிதான், ஆனால் ஆளுக்கொரு அகராதி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கவில்லை.

நாலாவது மாதம் ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு வேலை வந்தது. நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அளவெடுக்கப் போன இரண்டு பேரில் நானும் ஒருவன். லண்டனில் செங்கல்லையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கட்டடம் பெரிய ஆச்சரியம். முழுக்க மணற்கல், அடுப்புக்கரிப் புகை பட்டுக் கறுத்துப் போயிருந்தது. கூரையின் முகட்டுச் சுவர் இரண்டு பக்கமும் படிப்படியாக ஏறிப் போய் உச்சியில் சேரும். அந்தப் படிகளுக்கு அந்த ஊரில் காகப்படி என்று அர்த்தம் வரும் ஒரு பெயர். காகத்தைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாத படி என்பதால் பெயர் சரியாகத்தான் இருந்தது. மூலையில் ஒரு உருண்டைக் கோபுரம், அதற்குள் சுழன்று ஏறும் மாடிப்படி. படிகளின் உயரம் பத்து வயதுப் பிள்ளையின் காலுக்கு அளவெடுத்துச் செய்தது. நான் ஏறியபோது இரண்டு படியை ஒன்றாக எண்ணித் தடுக்கி விழப் பார்த்தேன்.

வகுப்பறைச் சன்னல்கள் மிகப் பெரியவை. ஆனால் அவற்றின் அடிவிளிம்பு, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலைக்கு மேலேதான் தொடங்கும். வெளிச்சம் உள்ளே வரலாம், பிள்ளையின் கண் வெளியே போகக்கூடாது. மாடிப்படியின் இரும்புக் கிராதியில் இடுப்பு உயரத்துக்குத் தகடு அடித்திருந்தார்கள், கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்தால் பாவாடைகள் தெரியாமலிருக்க. அந்தக் கட்டடத்தை வரைந்தவர் பெண்பிள்ளைகளைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார். சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே யோசித்திருக்கிறார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போயிற்று.

பின்பக்கத்தில், மிக உயரமான கூரையோடு ஒரு மண்டபம். பிள்ளைகள் மத்தியானம் சாப்பிடுவது அங்கேதான். அதன் பாதி உயரத்தில் புதிதாக ஒரு தளம் போட்டு, மேலே நூலகம் வைக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் கேட்டது. ஐந்து இரும்பு உத்திரங்கள். ஒவ்வொன்றின் ஒரு முனை வெளிச்சுவரில், மறுமுனை உட்சுவரில். புத்தகம் என்பது கையில் ஒன்றாக இருக்கும்போதுதான் இலேசு, அலுமாரி அலுமாரியாக ஏற்றினால் கட்டடக்காரருக்குக் காய்ச்சல் வரும். அவ்வளவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கப்போகிறது.

உட்சுவர் மூன்றடித் தடிப்பு. ஆளுயரத்துக்கு மேல் வரை மரப்பலகை அடித்து மூடியிருந்ததால் கல்லைப் பார்க்க முடியவில்லை. பரவாயில்லை, பள்ளிக்கூடத்திடம் பழைய வரைபடம் இருந்தது. துணியில் ஒட்டிய பழுப்பேறிய தாள். அதைப் பார்த்து நான் புதிதாக வரைய வேண்டும். அந்தச் சுவருக்குள் சம இடைவெளியில் மெல்லிய கோட்டில் ஐந்து செவ்வகங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் சாய்ந்த கையெழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே சொல்: பிரஸ்.

எங்கள் ஊரில் பிரஸ் என்றால் அச்சுக்கூடம். பெண்கள் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மண்டபத்தில், அதுவும் சுவருக்குள், ஐந்து அச்சுக்கூடம் இருக்க முடியாது. உடுப்பு அழுத்துகிற பிரஸ்ஸும் இல்லை. சரி, அந்தச் சொல்லுக்கு நேரான அர்த்தம் என்ன? அழுத்து. அப்படியென்றால் இது அழுத்தம் வரும் இடம்! பாரத்தைத் தாங்குவதற்காக அந்தக் காலத்து மனிதர் ஐந்து இடத்தில் விசேடமான கல் வைத்துக் கட்டியிருக்கிறார். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

பக்கத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒருவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் நேர்முகத்தில் முதலாளி "உங்கள் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தார். அந்தப் பெயரை நான் ஒரு கண்ணாடிப் பாத்திரம்போலத் தூக்கித் திரிந்தேன். அப்படிப்பட்டவன் போய், ஐந்து எழுத்துச் சொல் ஒன்றுக்கு அர்த்தம் கேட்பதா? கேட்கவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் புதிய வரைபடத்தில் பிரஸ் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, அந்த ஐந்து இடத்திலும் ஆங்கிலத்தில் "தாங்கு கல்" என்று அழகாக எழுதினேன்.

வசந்தா என் வரைபடத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டார். ஐந்து உத்திரத்துக்கும் அந்த ஐந்து இடத்தையே குறித்தார்.

"பாத்தீங்களா சிவா, அந்தக் காலத்து ஆளு நமக்குன்னே இடம் போட்டு வச்சிருக்காரு!"

"ஓம், சரியான கெட்டிக்காரன்" என்றேன். நான் யாரைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறையில் வேலையை முடித்தாக வேண்டும். திங்கட்கிழமை கொத்தனார்கள் சுவரில் குழி வெட்டத் தொடங்குவார்கள், அன்றே இரும்பு வந்து இறங்கும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பள்ளிக்கூடத்துச் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஐம்பது வயது தாண்டிய, குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு வைத்திருக்கும் அம்மா. கொத்தனார்களுக்கு மண்டபத்துத் திறப்பு எப்படிக் கிடைக்கும் என்பதுதான் என் கேள்வி. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் வரைபடங்கள், கடிதங்கள், எல்லாவற்றையும் பத்திரமாகப் பிரஸ்ஸில் போட்டுவிட்டேன். சாவியும் அங்கேதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எந்தப் பத்திரிகையில்?" என்று கேட்டேன். "மன்னிக்க வேண்டும் மேடம், எங்கள் அனுமதி இல்லாமல் பத்திரிகைக்காரருக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது."

 மறுமுனையில் அந்த அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"ஐயோ பாவம் நீங்கள்! பிரஸ் என்றால் எங்கள் ஊரில் அலுமாரி. சுவருக்குள்ளேயே குடைந்து கட்டி, முன்னால் கதவு போட்ட அலுமாரி. லண்டனில் உங்களுக்கு அந்தச் சொல் இல்லையா? இந்தப் பள்ளிக்கூடம் முழுக்க அதுதான். நானும் இங்கே படித்தவள்தானே. சாப்பாட்டு மண்டபத்தில்கூட ஐந்து இருந்தன. ஒரு முழுச் சமயப் பாடத்துக்கும் நான் மூன்றாவது பிரஸ்ஸுக்குள் ஒளிந்திருந்திருக்கிறேன்."

"மண்டபத்தில் நான் அப்படி ஒன்றும் பார்க்கவில்லையே."

"எப்படிப் பார்ப்பீர்கள்? பிறகு பலகை அடித்து மூடிவிட்டார்களே."

நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேனா, சொல்லாமல் வைத்தேனா என்று இன்றுவரை தெரியாது.  சுவரிலேயே மிகவும் பலமான இடம் என்று நான் எழுதிக் கொடுத்த ஐந்து இடமும் அந்தச் சுவரின் ஐந்து ஓட்டைகள். ஒரு பிள்ளை உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓட்டைகள். உத்திரத்துக்கான குழி அவற்றுக்கு மேலேதான் வரும், பலகையும் அப்படியே இருக்கும், ஆகவே வெட்டுகிற கொத்தனாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. தெரிய வருவது புத்தகங்கள் ஏறிய பிறகுதான்.

வசந்தாவின் மேசைக்குப் போனேன். "வசந்தா, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்" என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பழைய வரைபடத்தை எடுத்து வந்து விரித்தார். அந்தச் சாய்ந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என் வரைபடத்தைப் பார்த்தார்.

"இதுல பிரஸ்னு இருக்கு. உங்க டிராயிங்ல தாங்கு கல்னு இருக்கு. அதை யாருங்க மாத்துனது?"

"நான்தான்."

"தெரியலைன்னா கேக்க வேண்டியதுதானே?"

"கேக்க வெக்கமாய் இருந்தது."

அவருக்குக் கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "நானும் ஒரிஜினலை எடுத்துப் பாத்திருக்கணும். பாக்கல" என்றார். பென்சிலை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பரீட்சை மறுமொழிக்கு நிற்பவன்போல.

"ஓட்டைக்கு மேல வச்சா நிக்காது" என்றார் கடைசியில். "ஆனா ரெண்டு ஓட்டைக்கு நடுவுல முழுக் கல்லு. ரெண்டு ஓரத்தையும் சேத்தா அந்த மாதிரி ஆறு இடம் வருது. எல்லாத்தையும் அரை இடைவெளி நகர்த்தி வச்சா சரியாயிடும். அஞ்சுக்குப் பதிலா ஆறு பீம் வேணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்த கையோடு கெட்ட புத்தியும் வந்தது.

"அப்ப ஒண்டு செய்வமோ? பள்ளிக்கூடம் கூடப் புத்தகம் வைக்கப்போகினமாம், அதாலை இன்னுமொரு பீம் எண்டு சொல்லுவம். ஒருத்தருக்கும் தெரியாது."

வசந்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லலாம். எனக்கும்தான் நல்லது, நானும் தப்பிச்சுக்கலாம். ஆனா சிவா, உங்க டிராயிங்ல தாங்கு கல்னு எழுதியிருக்கே, அது அப்படியேதானே இருக்கும்? இருபது வருஷம் கழிச்சு இன்னொருத்தன் அதை எடுத்துப் பாப்பான். 'அட, இங்க அஞ்சு கல்லு சும்மாக் கிடக்கு'ன்னு அதுமேல எதையாவது ஏத்துவான். அப்ப நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். கீழ புள்ளைங்க இருக்கும்."

தம்பி தங்கைகளே, நம் தொழிலில் பிழையைத் திருத்துவதும் பிழையை ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல என்று நான் விளங்கிக்கொண்டது அந்த நிமிடத்தில்தான். சுவரை வசந்தா திருத்திவிட்டார். தாளைத் திருத்த வேண்டுமென்றால் நான் வாயைத் திறக்க வேண்டும். தகுதிகாண் காலம் முடிய மூன்று கிழமைதான், இருபத்தொரு நாள்தான், இருந்தது. கௌரியை நினைத்தேன். பெற்றோல் ஸ்டேசனை நினைத்தேன். பிறகு முதலாளியின் அறைக்குப் போனேன். நான் கேட்காமலே வசந்தாவும் கூட வந்தார்.

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம். கோபம் கூடக் கூடக் குரல் குறையும். நான் சொல்லி முடித்தபோது அவர் பேசியதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது. முதலில் கட்டட ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஒரு கல்லையும் தொட வேண்டாம் என்றார். இரும்புக்காரரிடம் ஆறாவது உத்திரம் கேட்டார். பிறகு வெளியே வந்து, அலுவலகத்தின் நடுவில் நின்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"பழைய வரைபடம் ஒன்றில், சுவருக்குள் பிரஸ் என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம்?"

அத்தனை பேரும் ஆங்கிலேயர்கள், எங்கள் இருவரையும் தவிர. ஒருவர் அச்சு இயந்திரம் என்றார். இன்னொருவர் ஆப்பிள் பிழியும் இயந்திரம் என்றார். வரவேற்பில் இருந்த பெண், பூக்களைக் காயவைத்து அழுத்தி வைக்கும் பலகை என்றார். ஒருவர், அது வரைந்தவரின் பெயராக இருக்கலாம், மிஸ்டர் பிரஸ், என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோசமாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். அந்தச் சந்தோசம் சரியாக அரை நிமிடம் நீடித்தது.

"பார்த்தீர்களா, யாருக்கும் தெரியாது" என்றார் முதலாளி என்னிடம். "எனக்கும் தெரியாது. தெரியாமலிருப்பது குற்றமில்லை. தெரியும் என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்."

 இரண்டு பேரும் நேரில் போய், பலகையைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொன்னார். "அந்த அம்மாவின் ஞாபகத்தையும் பார்த்த பிறகே நம்புங்கள்" என்றார். என் வேலை என்னாகும் என்று கேட்டேன். வந்த பிறகு பேசலாம் என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கௌரி சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"ஒரு அலுமாரிக்காகவே ஸ்கொட்லாந்துக்குப் போறீங்கள்?"

"அஞ்சு அலுமாரி."

"சரி, போயிட்டு வாங்கோ. குளிருக்கு மேல் கோட்டை மறக்காதேங்கோ. வேலை போனால் இன்னொண்டு தேடுவம். அந்தப் பிள்ளையளின்ரை தலையில விழுந்தால் என்ன செய்வம்?"

திங்கட்கிழமை காலை அந்த மண்டபத்தில் நின்றோம். ஒப்பந்தக்காரர், வசந்தா, நான், பிறகு சாவிக் கொத்தோடு அந்தச் செயலாளர் அம்மா. விடுமுறைக்காக, பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். முதல் பலகை கிறீச்சிட்டுக் கழன்றது. பின்னால் ஒரு சின்னக் கதவு, இன்னும் பச்சை நிறப் பூச்சோடு. கதவைத் திறந்தால் ஆளுயர இருட்டு. வசந்தா டோர்ச் லைட்டை அடித்து உள்ளே போனார். மூன்றடிச் சுவரில் பின்பக்கம் மிஞ்சியிருந்தது ஒன்பது அங்குலம்தான்.

"சிவா, இங்க வாங்க" என்று உள்ளே இருந்து கூப்பிட்டார். வெளிச்சத்தை மேலே பிடித்திருந்தார். கதவுக்கு மேலே குறுக்காக வைத்த கல்லில், தலைமயிர் தடிப்பில் ஒரு வெடிப்பு. எத்தனையோ வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. அந்தக் கல்லின் மேல்தான் நான் இரும்பையும் புத்தகத்தையும் ஏற்றி வைக்கப் பார்த்தேன். மூன்றடி தள்ளி, பிள்ளைகள் சாப்பிடுகிற வாங்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். வசந்தா, "ஆமா, ஒரே தூசி" என்று சொல்லித் தானும் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது பிரஸ்ஸைத் திறந்தபோது செயலாளர் அம்மா எங்களைத் தள்ளிக்கொண்டு தானே உள்ளே நுழைந்தார். சுவரில் பூச்சின் மேல், கவராயத்தின் கூர் முனையால் கீறிய இரண்டு எழுத்துகள் இருந்தன. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உங்கள் பெயரா?" என்று கேட்டேன்.

"இதை நான் செய்யவே இல்லை என்று தலைமை ஆசிரியைக்கு முன்னால் சத்தியம் பண்ணினேன். அதற்குப் பிறகு அவர்கள் பலகை அடித்து மூடியதும் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் தெரியுமா?" சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் முகம் நன்றாகச் சிவந்திருந்தது. "இப்போதைய தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிடாதீர்கள்."

"நீங்களே சொல்லிவிடுங்கள் மேடம்" என்றேன். "நான் வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். அவ்வளவு வலிக்காது."

பிரஸ்களுக்கு நடுவே துளை போட்டுப் பார்த்தோம். வசந்தா சொன்னபடி முழுக் கல். ஆறாவது உத்திரம் வியாழக்கிழமை வந்தது. விடுமுறை முடிய ஒரு நாள் இருக்கும்போது தளம் தயார். மற்றது ஒரு நல்ல விசயம்: பச்சைக் கதவுகளைப் பார்த்த தலைமை ஆசிரியை, மறுபடியும் பலகை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேற்கல்லைப் பலப்படுத்திக் கொடுத்தோம். மேலே நூலகம், கீழே ஐந்து பிரஸ்ஸிலும் சாப்பாட்டுத் தட்டுகள். மூன்றாவதின் உட்சுவருக்கு மட்டும், அந்த இரண்டு எழுத்தும் அப்படியே இருக்கட்டும் என்று, புதுப் பூச்சுப் பூசவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆக, அந்த அம்மாவும் சொல்லியிருக்கிறார்.

லண்டனுக்கு வந்து முதல் வேலையாக என் வரைபடத்தை எடுத்தேன். அந்தக் காலத்தில் ஒளி ஊடுருவும் வரைதாளில் மையால் வரைவோம். பிழை விட்டால் சவர பிளேட்டால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். ஐந்து இடத்தில் "தாங்கு கல்" என்பதைச் சுரண்டினேன். ஒவ்வொரு செவ்வகத்துக்குள்ளும் அந்தப் பழைய மனிதர் எழுதிய சொல்லையே, அவர் எழுதிய மாதிரியே சாய்த்து எழுதினேன். பக்கத்தில் சின்ன எழுத்தில் "சுவருக்குள் அலுமாரி" என்றும் குறித்தேன், அடுத்து வருகிறவர் லண்டன்காரராக இருக்கலாம் என்பதால்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பழைய படத்தைப் பிரதி எடுக்கும்போது விளங்காத சொல் வந்தால், விளங்காத சொல்லாகவே எழுதுங்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பிறகு எழுந்து போய் யாரையாவது கேளுங்கள். அங்கே படித்தவர், அங்கே கூட்டுகிறவர், அங்கே ஒளிந்தவர், யாராக இருந்தாலும் சரி. பக்கத்து மேசையில் இருக்கும் தமிழுக்கும் என் தமிழுக்குமே தினமும் காலையில் மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. அப்படி இருந்தும் ஆங்கிலம் மட்டும் லண்டனிலிருந்து ஸ்கொட்லாந்து வரை ஒரே ஆங்கிலம் என்று நம்பியிருந்தேனே, அந்த வெள்ளந்தித்தனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

வந்த பிறகு பேசலாம் என்று சொன்ன முதலாளி பேசவே இல்லை. ஒரு கிழமை போயிற்று, இரண்டு கிழமை போயிற்று. தகுதிகாண் காலத்தின் கடைசி நாளும் வந்தது. நான் மேசை லாச்சியைக் காலி செய்யலாமா என்ற யோசனையோடு காலையில் போனேன். பழக்கதோசத்தில் வசந்தாவிடம் கையை நீட்டினேன்.

"வசந்தா, திறப்பு."

அன்றைக்கு அவர் கதவு எதையும் காட்டவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. "எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? உங்க போர்டைப் பாருங்க" என்றார்.

என் வரைபலகையின் நடுவில், புதிதாக வெட்டியதன் பளபளப்போடு, இரும்பு அலுமாரியின் திறப்பு கிடந்தது. அதில் நூலால் ஒரு சிறு அட்டை கட்டியிருந்தது. அட்டையில் முதலாளியின் கையெழுத்தில், ஆங்கிலத்தில் ஒரே சொல்: பிரஸ்.

கண்ணாடி அறைக்குள் அவர் யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான் அதைக் கையில் எடுத்துப் பொத்தி வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க அது, திறப்பா?" என்று கேட்டார் வசந்தா.

 "சாவி" என்றேன்.